ரப்பர் தவளையிடம் சண்டைக்கு வந்த வால்பாறைத் தவளை

காலாண்டு விடுமுறையில் நான் வால்பாறை போனதற்கு ஒரே காரணம் இம்ரான். தாம்பரம் பள்ளியில் என் பெஞ்ச்காரன். போன வருடம் அங்கே, காலைத் தூக்கி ஆட்டும் நடனத் தவளையைப் படம் எடுத்து வந்தான். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் முகப்பே இன்றுவரை அந்தப் படம்தான். "நீ இரும்புலியூர்லயே இரு மச்சான். மழை பெஞ்சா உங்க தெருவுலயே தேரை கீதே," என்றான். வயிறு எரிந்தது. மோர் குடித்தும் அணையவில்லை.

சென்ட்ரலில் இரவு ரயில், விடிந்தால் கோவை. அங்கிருந்து பொள்ளாச்சி 40 கி.மீ., பிறகு வால்பாறை 65 கி.மீ., மூன்று மணி நேரம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவதில் என் இட்லி இறங்கிக்கொண்டது. தங்கியது எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாமா வீட்டில்.

மறுநாள் காலை 9.30க்கு, தவளைக் கணக்கெடுக்கும் செல்வி அக்காவோடு சோலைக்காட்டு ஓடைக்குப் போனோம். கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புத் தவளை பாறையில் இருந்தது. இன்னொரு ஆண் கிட்டே வந்தால் பின்னங்காலை நீட்டி விரல்களை விரிக்குமாம். 'என் பாறை, இடத்தைக் காலி பண்ணு' என்று அர்த்தம். இரண்டு மணி நேரம் அட்டைகளுக்கு ரத்ததானம் செய்தேன். அது காலை அசைக்கவேயில்லை.

அக்கா நோட்டில் எழுதக் குனிந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் இருபது ரூபாய்க்கு வாங்கிய ரப்பர் தவளையைப் பாறையில் வைத்து, கட்டியிருந்த நூலைச் சுண்டினேன். வந்ததே கோபம்! இடது கால், வலது கால், மறுபடி இடது. பதினொரு நிமிட வீடியோ. இம்ரான் செத்தான்!

"என்ன தம்பி இது?" அக்கா எப்போதோ நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இப்ப ஒரு பொண்ணு தவளை வந்துச்சே, பாத்தியா?"

"இல்லக்கா."

"அதுவும் பாக்கல. உன் பொம்மையோட மல்லுக்கட்டிட்டே இருந்துச்சு. வந்தது போயிருச்சு."

பொம்மையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் அது வெறும் பாறைக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே வீடியோவை அழித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை குறையும் மாதங்களில், பகலில் போங்கள். அட்டை கடிக்காமல் காக்கும் காலுறை கட்டாயம். அனுமதியோடு, உள்ளூர் ஆளோடு மட்டும் போங்கள். தவளை காலைத் தூக்காவிட்டால், தூக்காமலே பார்த்துவிட்டு வாருங்கள்.

பஸ் ஸ்டாண்டில் இருக்கும்போது இம்ரான் கூப்பிட்டான்.

"இன்னா மச்சான், பாத்தியா?"

"பாத்தேன். கால் தூக்குச்சு."

"போட்டோ?"

"இல்ல."

விழுந்து விழுந்து சிரித்தான். அவன் படத்தில் இருக்கும் தவளை காலே தூக்காதது. எனக்கு அது தெரியும். இன்னும் எரிகிறது.

"சரிடா, உன் படம்தான் சூப்பர்," என்றேன்.