எனிட் பிளம்லியின் மூக்கு

கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்புவார் எனிட் பிளம்லி. நான் மூக்கைச் சுளிப்பேன். உடனே பித்தளை மணியை அடித்து, "கூமுட்டை நாத்தம் குறையில்லாம இருக்கு! கதவைத் தொறங்க!" என்று குரல் கொடுப்பார்.

ஹாலோபெக் ஊற்று மண்டபத்தில் தினமும் காலை பத்து மணிக்கு நடப்பது இது. எங்கள் ஊருக்குச் சோறு போடுவது, உடம்புக்கு நல்லதென்று வெளியூர்க்காரர்கள் வந்து குடிக்கும் இந்தக் கந்தக நீர்தான். மழை வலுத்தால் ஊற்றில் மழைநீர் கலந்து நாற்றம் போய்விடும். அன்று வாசலில் 'இன்று நீர் இல்லை' என்ற பலகை தொங்கும். முதல் கிளாஸை முகர்ந்து தீர்ப்புச் சொல்வது நீர் ஊற்றுகிறவரின் பொறுப்பு. முப்பத்தொரு வருடமாக அந்த வேலையில் இருக்கும் அம்மாள் எனிட்தான். நான் பக்கத்து மேசையில் டிக்கெட் கொடுப்பவன்.

வெள்ளை ஏப்ரன், அதன் பை நிறையப் புதினா மிட்டாய். வருகிறவர் நீதிபதியானாலும் லாரி டிரைவரானாலும் எனிட்டுக்குக் 'கண்ணு'தான். "ஒரே மடக்கு, கண்ணு. யோசிச்சே, போச்சு." குடித்தவர் முகம் கோணியதும் மிட்டாய் கைக்கு வந்துவிடும். சரித்திரம் இலவசம்.

"சீமானும் சீமாட்டியும் இந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு தோட்டத்துல உலாவினாங்கன்னு எழுதி வெச்சிருக்கு பாரு. உலாவல, கண்ணு. ஓடினாங்க. பின்ன எதுக்குத் தோட்டத்துக் கோடியில இருபது கக்கூஸ்?"

கண்ணாடிக் கூரையையும் நீல ஓடு பதித்த நீராவிக் குளியலறையையும் பார்க்க வந்தவர்கள், முதலில் கக்கூஸைப் பார்க்கப் போவார்கள்.

போன வருடம் ஒரு காய்ச்சலில் எனிட்டுக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. எனக்கு அது தெரிந்தது ஓர் எலியால். மேசைக்கடியில் எலி செத்து மூன்று நாளாகிவிட்டது. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடுகிறேன். அவர் அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச் சாப்பிடுகிறார். நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே, கண்ணு. மூக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா இந்த மணியை வேற ஆள் கையில குடுத்துடுவாங்க. வீட்ல உக்காந்து நான் என்னடா பண்ணுவேன்?"

ஊரையே சிரிக்கவைக்கும் வாய், அன்று கெஞ்சியது. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கும் சேர்த்து நான்தான் முகர்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மாட்டிக்கொண்டோம். மூன்று நாள் அடைமழை. எனக்கோ சளி பிடித்து மூக்கு அடைத்துக் கிடந்தது. அன்று பார்த்து, புதிய மேலாளர் பார்ஜிட்டர் முதல் கிளாஸைப் பார்க்கவேண்டும் என்று வந்து நின்றார். சுவர்க்கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தினாலும் கடிதம் எழுதுகிற மனிதர். எனிட் கிளாஸைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தும்மினேன். மறுபடி பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

மணியை அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மழைத்தண்ணீரை ஊற்றுநீர் என்று அவர் ஒருநாளும் கொடுத்ததில்லை. கிளாஸை பார்ஜிட்டரிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீங்களே சொல்லுங்க, கண்ணு."

அவர் முகர்ந்தார். "ஒண்ணுமே இல்லையே. வெறும் தண்ணி."

எனிட் தலையைக் குனிந்தபடி பலகையை மாட்டப் போனார். பார்ஜிட்டர் அவர் முதுகையும் என் கைக்குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?" என்றார் மெதுவாக.

"ஒரு வருஷமா," என்றேன்.

அவர் மாடிக்குப் போய்விட்டார். புதனும் வியாழனும் மழை விடவில்லை; பலகையும் இறங்கவில்லை. எனிட் மணியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சரித்திரம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் மழை விட்டு நல்ல வெயில். பத்து மணிக்கு அவர் கிளாஸை நிரப்பினார். என் சளி இன்னும் விட்டபாடில்லை. அப்போது பார்ஜிட்டர் படியிறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று, கிளாஸ் பக்கமாகக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, எனிட்டுக்கு நன்றாகத் தெரியும்படி மூக்கைச் சுளித்தார்.