துவைக்கும் கல்லின் அடியில்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலில் மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். முப்பது ஆண்டுகளாகக் கொத்து வேலை. சிமெண்ட் தின்ற விரல்களில் பேனா நிற்பதில்லை.

மற்றதற்கு நீங்கள் மன்னிக்க வேண்டாம். கஸ்தூரி அக்காவின் வீடு இடிபட்டதற்கு நான்தான் காரணம். எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொன்னேன்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள். பத்தாவது என்னுடையது. கடைசி வீடு அக்காவுடையது. பெருங்களத்தூர் மார்க்கெட்டில் மீன் விற்று, சீட்டுப் போட்டு, என்னை வைத்தே கட்டிக்கொண்ட வீடு.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் சர்வே கல் ஒன்று இருந்தது. தலையில் அம்புக்குறி வெட்டிய கருங்கல். அதற்கு இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் பட்டா நிலம். அதாவது, என் வீடு ஏரிக்குள். அக்காவின் வீடு வெளியே.

என் வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்திருந்த சமயம். ஆள் வந்து பார்ப்பார்கள் என்றார்கள். அந்தக் கல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அதைச் சுற்றிக் கலவையைக் கொட்டி, மேலே துவைக்கும் கல்லைப் பதித்துவிட்டேன். அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கல்தான். சாயங்காலம் வந்து பார்த்து, "ஏகாம்பரம், சோக்கா போட்டுக்கீற" என்று வஞ்சிர மீன் துண்டு நான்கு கொடுத்தார்.

தின்றேன்... ருசியாகத்தான் இருந்தது.

பல ஆண்டுகள் கழித்து, பதினொரு வீடுகளும் ஏரி ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வந்தது. தனித்தனியாக அப்பீல் போட்டோம். அதிகாரி எல்லாவற்றையும் ஒரே நாளில் தள்ளுபடி செய்தார். பிறகு ஹைகோர்ட்டில் பதினொரு வழக்குகள். தாம்பரத்தில் இருந்த ஒரு வக்கீலம்மா எங்களுக்காக ஆஜரானார்.

ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "ஒரே அதிகாரி, ஒரே உத்தரவு. பதினொண்ணையும் சேர்த்து ஒண்ணா விசாரிக்கச் சொல்லி மனு போடப் போறேன். சேர்த்துட்டா ஒருத்தருக்கு என்ன தீர்ப்போ அதுதான் எல்லாருக்கும். யாருக்காவது தனி சங்கதி இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அதை மட்டும் பிரிச்சு நடத்தலாம்."

அக்கா கையைத் தூக்கினார். "எம் வூட்டாண்ட ஒரு கவர்மெண்டு கல்லு இருந்துச்சும்மா. அத்தத் தாண்டிதான் எம் வூடு."

ஆட்டோ ஓட்டும் செல்வம் சிரித்தான். "இன்னாக்கா, உனுக்கு மட்டும் தனிக் கேஸா? மாளிகையா கட்டி வச்சிக்கினு கீற?"

"ஆமாண்டா, நீ வந்து வாட்ச்மேனா நில்லு" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "கல் இப்ப இருக்கா? இருந்தா உங்க கேஸைத் தனியா நிறுத்தி, திரும்ப அளக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"எங்க போச்சுன்னு தெரிலயேம்மா... தோ, ஏகாம்பரம்தான் வேலை பாத்தான். அவனக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூட்டத்தில் பேச வராதவன். தலை குனிந்துகொள்கிறவன். அது ஊருக்கே தெரியும். அன்று அந்தக் கூச்சம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா?

கல்லைக் காட்டினால் அங்கிருந்து அளப்பார்கள். அக்கா பிழைப்பார். என் வீடு ஏரிக்குள் இருப்பது காகிதத்தில் ஏறிவிடும். பத்து வீட்டுக்காரர்களும் நாசமாக நானே வழிகாட்டியதாக ஆகும். அக்காவின் நல்ல வழக்கோடு ஒட்டிக்கொண்டால், நீதிபதி எல்லோர்மீதும் இரக்கப்படுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு.

"ஞாபகம் இல்லீங்கம்மா" என்றேன்.

வக்கீலம்மா எழுதிக்கொண்டார். எல்லாம் ஒரே மாதிரியான வழக்குகள் என்று எழுதியிருப்பார். பதினொன்றும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டன.

ஒரே கட்டாகவே விழுந்தன. உத்தரவின் தலைப்பில் பதினொரு எண்கள். அக்காவின் எண் கடைசி. உள்ளே அவர் வீட்டைப் பற்றித் தனியாக ஒரு வரிகூட இல்லை என்றார் வக்கீலம்மா. மேல்முறையீட்டுக்குப் புரட்டாசி பதினைந்து வரை நேரம் இருக்கிறது, புதிதாக ஆதாரம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார்.

ஒரு முழு மாதம். என் வீட்டிலிருந்து அந்தக் கல் ஆறு அடி.

ஒருநாள் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன், உண்மையாகத்தான். அக்கா அந்தக் கல்மேல் மீன் கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, உளியும் கையுமா வந்துகீற?"

"சும்மா... பக்கத்துத் தெருவுல வேலைக்கா."

"டீ குட்ச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு, பக்கத்துத் தெரு வரை நடந்து, அங்கே ஒரு வேலையும் இல்லாமல் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

புரட்டாசி பதினைந்து போனது. நான்கு நாள் கழித்து ஜேசிபி வந்தது. முதலில் என் வீடு. பொய் சொல்லிக் காப்பாற்றிய வீடு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

பிறகு அக்காவின் வீடு. துவைக்கும் கல்லை இயந்திரம் பெயர்த்துத் தூக்கியபோது, அடியில் அது நின்றது. அம்புக்குறி அழியாமல், சுற்றிலும் என் கலவையோடு.

"தோ கீது பாரு சார்! நான் சொன்னேன்ல!" அக்கா ஓடினார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இத முன்னாடியே காட்டியிருக்கணும்மா. இப்ப எங்க கையில ஒண்ணுமில்ல." சுவர் விழுந்தது.

அந்தக் கலவையைப் பூசியது யார் என்று அக்காவுக்குத் தெரியும். செல்வம் என் சட்டையைப் பிடித்தான். அக்கா அவன் கையை எடுத்துவிட்டார். "வுட்றா. அவன் இன்னா பண்ணுவான், மறந்துட்டான். வேணும்னேவா செய்வான்?"

நான் அப்போதும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்காவுக்குத் தூரத்தில் ஓர் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி கொடுத்திருக்கிறார்கள். அங்கே மீன் கூடையோடு ஏறி இறங்க முடியவில்லையாம். வியாபாரம் நின்றுவிட்டது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று வக்கீலம்மா சொல்லியனுப்பினார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு, அக்காவுக்கு மட்டும் மனு போடலாம். இடத்தையாவது திரும்பக் கேட்கலாம். ஆனால், கல்லை ஏன் முன்பே காட்டவில்லை என்று காரணம் எழுத வேண்டும்.

காரணம் நான்! இந்தக் காகிதம்தான் அது. இதை வேலைப் பையில், உளிக்குப் பக்கத்தில் மடித்து வைக்கப் போகிறேன். தாம்பரம் பஸ் இங்கிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று போகிறது... ஏறுவேனா? உங்களுக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

எழுதியது ஏகாம்பரம், கொத்தனார். ஐப்பசி இருபத்தேழு.