ஓநாய்க் காசு

அத்தை வீட்டுப் பூச்சு வேலைக்குத் தென்பெண்ணை மணல் வந்திறங்கிய ஞாயிறன்று, சல்லடையில் தங்கியது அந்தக் காசு. விரல் நகத்தளவு, பச்சை பூத்த வெண்கலம். குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் அத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்தாள். ஒரு பக்கம், தலைக்கவசம் அணிந்த முகம். மறுபக்கம், தலையைத் திருப்பிப் பார்க்கும் ஒரு விலங்கு. அதன் வயிற்றடியில் இரண்டு குழந்தைகள். மேலே இரண்டு நட்சத்திரங்கள்.

"பசுடி. ரெட்டைப் புள்ளைங்க பால் குடிக்குதுங்க பாரு," என்றாள் என்னிடம்.

மணமாகி ஒன்பது ஆண்டுகளாக அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமாவின் ஊர் கல்வராயன் மலையில். அங்கே, இறந்துபோன அவருடைய தம்பியின் பிள்ளைகள் இருவர், தாயும் இல்லாதவர்கள், உறவினர் வீடுகளில் மாறிமாறி வளர்ந்துகொண்டிருந்தனர். அழைத்து வரலாமா என்று மாமா கேட்கும்போதெல்லாம், எனக்கே பிறக்கும் என்று அத்தை பேச்சை முடித்துவிடுவாள். இப்போதோ அம்மனே வாக்குக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கோயில் வேப்பமரத்தில் தொட்டில் கட்டி, காசை அதில் கிடத்துவது என்று முடிவாயிற்று.

"இனிமே அந்தப் பேச்சை எடுக்காதீங்க," என்றாள் மாமாவிடம்.

எனக்குப் பத்து வயது. பிறர் பிழையைத் திருத்துவது நற்பண்பு என்று நம்பிய வயது. வியாழன் மாலை, பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றில் அதே படத்தைக் கண்டதும் அத்தை வீட்டுக்கு ஓடினேன். மஞ்சளில் நனைத்த புடவைத் துண்டில் அவள் தொட்டில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"பசு இல்ல அத்தை, ஓநாய். இது ரோம் நாட்டுக் காசு."

மாமா சிரித்துவிட்டார். "ஆட்டைத் தூக்கிக்கினு போவுமே, அதுவா? அம்மன் நல்ல ஆளைத்தான் அனுப்பிச்சிக்கிறா."

"நீங்க சும்மா இருங்க. ஓநாய்க்கு எப்பிடிடி மனுசப் புள்ள பொறக்கும்?"

"அது பெத்தது இல்ல அத்தை. யாரோ ஆத்தோரம் வுட்டுட்டுப் போன புள்ளைங்க. அழுதுக்கினு கெடந்துச்சுங்களாம். இதுதான் பால் குடுத்து வளத்துச்சு. பெரிசானதும் அதுங்கதான் அந்த ஊரையே கட்டுச்சுங்களாம். அதான் காசுல போட்டிருக்காங்க."

"யாரோ பெத்ததுக்கா பால் குடுத்துச்சு?"

"ஆமா."

அத்தையின் ஊசி நின்றது. காசின் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்திருந்தாள். நான் வென்றுவிட்ட களிப்பில் வீடு திரும்பினேன்.

வெள்ளியன்று அவள் கோயிலுக்குப் போகவில்லை; மாமாவோடு மலைப் பேருந்து ஏறினாள். ஞாயிறு மாலை இறங்கியபோது, சிறுவன் அவள் இடுப்பில் உறங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா மாமாவின் விரலைப் பிடித்தபடி எங்கள் எல்லோரையும் முறைத்தாள்.

"இன்னா மொறைக்கிற? உள்ள வாடி, கடிக்க மாட்டேன்," என்றாள் அத்தை. என் அம்மா ஏனோ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காசை அத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். அடுத்த மாதம் பள்ளிக் கண்காட்சியில் அதை வைத்தேன். விளக்க அட்டையில் இருபுறச் சின்னங்களையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். 'பயன்பாடு' என்னும் கட்டத்தில் மட்டும் சிறிது தயங்கி, 'தற்போது எதுவுமில்லை' என்று நிரப்பினேன்.