எட்டு என்று காட்டிய பத்தாம் அறை

உர்சுலாவுக்கு எதுவும் கோணல்மாணலாக இருந்தால் பிடிக்காது. புக்கிட் பாத்தோக் வீட்டு வாசலில் செருப்புகள்கூட வரிசையாகத்தான் நிற்கும். ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது கணவன் டெஸ்மண்டின் காலரை ஒருமுறை இழுத்துச் சரிசெய்யாமல் அவள் லிஃப்டில் ஏறமாட்டாள். சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கின் கணினிப் பொறுப்பில் இத்தனை வருடம் கெட்ட பெயர் வாங்காமல் இருந்ததற்கும் இந்தக் குணம்தான் காரணம்.

கிடங்கின் குளிர் அறைகளில் எதிலாவது சூடு ஏறினால் மணி அடிக்கும், அறை எண் பலகையில் தெரியும். அதைச் செய்வது, கணினியில் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல்லுக்கு உர்சுலா எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். போன வருடம் கிடங்கைப் பெரிதாக்கியதில் அறைகள் நூறைத் தாண்டின. திரையில் ஒன்றுக்குப் பிறகு பத்து, பத்துக்குப் பிறகு நூறு, அப்புறம் இரண்டு என்று வரிசை தாறுமாறாக வந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? எல்லா எண்ணும் மூன்று இலக்கமாக வரும்படி முன்னால் பூஜ்யம் சேர்த்தாள். ஒன்று 001 ஆனது, பத்து 010 ஆனது. பலகைக்கு அனுப்பும்போது ஸ்கிரிப்ட் அதை மறுபடி வெறும் எண்ணாக மாற்றிவிடும். 001, 005 இரண்டையும் சோதித்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. திருப்தியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை, ஃபேரர் பார்க் பூக்கடைகளுக்குப் போகவேண்டிய மல்லிகை பத்தாம் அறையில் இருந்தது. கதவு ரப்பர் கிழிந்து குளிர் கசிந்தது, மணி அடித்தது. அன்றைக்கு வேலையில் இருந்தவன் அப்துல் முத்தலிப், கூத்தாநல்லூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். பலகையில் எட்டு என்று பார்த்து எட்டாம் அறைக்கு ஓடினான். உள்ளே ஜில்லென்று இருந்தது. மணியை நிறுத்தினான். மறுபடி அடித்தது, மறுபடி ஓடினான். மதியம் லாரிக்காரர்கள் பத்தாம் அறையைத் திறந்தபோது அத்தனை பூவும் பழுத்து நாறிக் கிடந்தது.

விசாரணையில் அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"சத்தியமா எட்டுன்னுதான் சார் காட்டுச்சு."

மேலாளர் சேவியர் உர்சுலா பக்கம் திரும்பினார். அவள் அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிஸ்டம் ஓகே சார். நானே டெஸ்ட் பண்ணிருக்கேன்" என்றாள். விஷயம் முடிந்தது. தூங்கிவிட்டு எட்டு என்று கதை விடுகிறான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். அவன் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பினார்கள்.

சில மாதம் கழித்து, கதவு பழுதுபார்க்க வந்த சுஹைப் அவளுக்குப் போன் செய்தான். "அக்கா, நான் நிக்கிறது ரூம் ட்வெல்வ். போர்ட்ல டென்னுன்னு வருது. வாட் இஸ் திஸ் லா?"

உர்சுலா உடனே ஷெல்லைத் திறந்து 010 என்று கொடுத்து, கணக்கிட்டுச் சொல் என்றாள். எட்டு என்றது. இன்னொரு தடவை கேட்டாள். எட்டுதான். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால், ஷெல் அதைப் பத்து பத்தாக எண்ணாது, எட்டு எட்டாக எண்ணும்; 010 என்றால் அதற்கு ஒரு எட்டு, 012 என்றால் ஒரு எட்டும் இரண்டும். அது அதன் பழைய வழக்கம். ஏழு வரைக்கும் வித்தியாசமே தெரியாது. அவள் சோதித்ததோ ஒன்றும் ஐந்தும். எட்டாம் அறையே நிஜமாகச் சூடாகியிருந்தால், அந்தக் கணக்கில் 8 என்ற இலக்கமே இல்லை என்று ஸ்கிரிப்ட் நின்றுபோயிருக்கும், மணியே அடித்திருக்காது.

சேவியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"அவன்தான் போயாச்சே உர்சுலா. சத்தமில்லாம ஃபிக்ஸ் பண்ணிடுங்க லா."

சத்தமில்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. தவறு தன்னுடையது, அவனைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினாள். பார்க்கலாம் என்று பதில் வந்தது. யார் யாரிடமோ கேட்டு அவன் நம்பரை வாங்கினாள். அன்றே அழைத்தாள்.

"முத்தலிப், நான் கிடங்கு உர்சுலா. அன்னைக்கி போர்டு எட்டுன்னுதான் காட்டிருக்கு. தப்பு என்னோடது. என்னைய மன்னிச்சிடுப்பா."

  அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நெசமாவா அக்கா? நீங்கள்லாம் அவ்வளவு உறுதியா சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பத்தைத்தான் எட்டுன்னு படிச்சிட்டேனோன்னு கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. நான்தான் கேட்காம, கண்ணாடி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டுத் திரியறேன்."