துவரம்பருப்பில் கடலைப்பருப்பு

குறுக்கே வந்தது ராஜபாளையம் நாயாக இருந்திருந்தால் ஊர்ப்பெருமையாவது மிஞ்சியிருக்கும். வந்தது சொறி பிடித்த தெருநாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் படிக்கும் மகளை அழைத்துவரப் போகும் வழியில், அதன்மேல் ஏற்றிவிடாமல் இருக்க ஸ்கூட்டியை ஒடித்துத் திருப்பி நான் விழுந்தேன். தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பட்டாளத்தில் இருக்கும் கணவர் போனில், "ஸ்கேன் நல்லாருக்குல்லா, பொறவென்ன?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டுப் பிரித்தபின் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். ஒரே சீருடையில் பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். எல்லா முகமும் தெரிந்தது. அதில் என் பிள்ளையை மட்டும் பிரித்து எடுக்க முடியவில்லை. கடைசியில் அவளே வந்து என் சேலையை இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

"நேரா என்னயவேதான் பாத்த. பாத்துட்டு அங்கிட்டுத் திரும்பிட்ட."

"தெரியலடி."

"பொய் சொல்லாதம்மா."

கண் டாக்டர், கண்ணாடிகூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தலைக்குப் பார்த்தவரிடம் மறுபடி போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்க மூளை திணறுகிறதாம். சரியாகிவிடும், ஆனால் நாளாகும் என்றார். மகளிடம் அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை. எதிரே நிற்கிற பிள்ளை தெரியவில்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? தினமும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். தலைவலியைப் பொறுத்துக்கொண்டேன், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் துவரம்பருப்பைப் பரப்பி என் முன்னால் வைத்தாள்.

"இதுல கடலைப்பருப்பு கொஞ்சம் கலந்துருக்கேன். எடு பாப்போம்."

டீச்சர் மாதிரி இடுப்பில் கை வேறு. சமையல்கட்டில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா என்று சிரிப்பு வந்தது. குனிந்தேன். சற்று நேரத்திலேயே எல்லாம் ஒரே மஞ்சளாகக் குழம்பியது. நெற்றி விண்ணென்று வலித்தது. இரண்டு பருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அம்புட்டுத்தான்."

என் விரலை ஒட்டியே கிடந்த ஒன்றை அவள் தொட்டுக் காட்டினாள். பிறகு இன்னொன்று. அதன் பக்கத்திலேயே இன்னும் ஒன்று. இடுப்பிலிருந்து கையை எப்போதோ எடுத்திருந்தாள்.

"நிசமாவே தெரியலயாம்மா?"

என்னை நம்பிவிட்டாள். இதற்காகத்தான் இத்தனை நாள் தவித்தேன். ஆனால் அந்தச் சின்ன முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும், இவள் என்மேல் கோபமாகவே இருந்திருக்கலாமே என்று இருந்தது.