வேலை கேட்டு வந்த மலேசியாக்காரர்

2003ஆம் வருஷம் ஆனி மாதம், மனைவி வேல்விழி, ஐந்து வயது மகள் துர்கா, நான்கு பெட்டிகள் சகிதம் தேவநாதன் விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினார். கூட்டிப்போக யாரும் வரவில்லை. எந்த ரயில் என்பதை வேல்விழியின் தம்பி தமிழ்ச்செல்வனிடம் இரண்டு முறை போனில் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனால் அவன் உள்ளே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் ராஜாம்பாள்தான் வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கினார். தமிழ்ச்செல்வன் தலையை மட்டும் திருப்பி, "எத்தினி நாளைக்கு?" என்று கேட்டான்.

"இனிமே இங்கதான்" என்றாள் வேல்விழி.

அவன் மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான்.

தேவநாதன் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா கடலூர்ப் பக்கத்திலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர். பேரன் ஈப்போவில் ஒரு பீங்கான் கம்பெனியில் பதினெட்டு வருஷம் சூளை பார்த்தார். அந்தக் கம்பெனியை இழுத்து மூடியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. மற்ற கம்பெனிகள் இளவட்டங்களைத்தான் கேட்டன. அவருக்குக் கிடைத்தது ஒரு கடைவாசலில் காவல் நிற்கும் வேலை. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு சூளை இருக்கிறது, கைத்தொழிலை வைத்துக்கொண்டு எதற்குக் கடைவாசலில் நிற்க வேண்டும் என்று வேல்விழி கேட்டாள். இந்திய வம்சாவளிக்காரர் என்று ஓர் அட்டை வாங்கினால் இங்கே வேலை செய்யத் தடையில்லை என்று தெரிந்தது. அலைந்து திரிந்து அதை வாங்கினார். ஊரெல்லாம் அங்கிருந்து இங்கே பிழைக்க வருகிறது, நீ இங்கிருந்து அங்கே போகிறாயா என்று ஈப்போ சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

விருத்தாசலத்தில் யாரும் சிரிக்கவில்லை. சந்தேகப்பட்டார்கள். நிலத்தை விற்று மலேசியாவுக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. அங்கிருந்து ஒருவர் கூலி குறைந்த இந்த ஊருக்கு வேலை தேடி வந்தால், அங்கே ஏதோ தப்புத் தண்டா செய்துவிட்டு ஓடி வந்திருக்கிறார் என்றுதானே நினைப்பார்கள்? அவர் ஏறி இறங்கிய பீங்கான் கம்பெனிகள் ஏழு. ஒரு முதலாளி, மலேசியாக்காரர் கம்பெனியை விலைக்குக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போட்டுக் கலர் சோடா வாங்கிவர ஆளை அனுப்பினார். வேலை கேட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கலர் உள்ளே வரவே இல்லை. இன்னொருவர் பாஸ்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெளிநாட்டு ஆளை வைத்துக்கொண்டு போலீசுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

எட்டாவதாகப் பாலகிருஷ்ணன் கம்பெனி. வீட்டு மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் பீங்கான் செய்கிற இடம். சூளையிலிருந்து எடுத்தால் நாலில் ஒன்று கீறல் விட்டிருந்தது. அதற்கு ஒரு வழி செய்தால் சூப்பர்வைசர் வேலை என்றார் பாலகிருஷ்ணன். அவர் சொன்ன சம்பளம் ஈப்போவில் வாங்கியதில் ஆறில் ஒரு பங்கு. தேவநாதன் சரி என்றார்.

அந்தச் சூளையைப் பத்தொன்பது வருஷமாக எரித்தவர் விருத்தகிரி. புதுச் சூப்பர்வைசர் தனக்கு மேலே என்று தெரிந்த அன்றிலிருந்து அவர் தேவநாதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் தலையாட்டல்தான். அவர் பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை. முதல் நாள் காலையில் தேவநாதன் மலேசியப் பழக்கத்தில், சாப்பிட்டாச்சா என்பதற்கு, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் நடந்து போகிற பக்கமெல்லாம் அந்த வார்த்தை முதுகுக்குப் பின்னால் கேட்டது. சுடாத பச்சைச் சாமானைச் சுரண்டி வழவழப்பாக்கும் பாஞ்சாலை, அவருடைய குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவதில் கெட்டிக்காரி. அவர் உட்காரும் ஸ்டூல் காணாமல் போகும். சூளையின் சூட்டைப் பார்க்க எடுத்துவைத்த சாமான்கள் குப்பையில் கிடக்கும். எல்லோருக்கும் டீ வரும்போது அவருடைய டம்ளர் மட்டும் ஆறிப்போய் வரும்.

முதல் ஆறு மணி நேரம் தீயை மட்டுப்படுத்தி, மெதுவாகச் சூடேற்றிப் பார்த்தார் தேவநாதன். மூன்று மாதத்தில் கீறல் விடுவது பாதிக்கும் கீழே போனது. பாலகிருஷ்ணனுக்குச் சந்தோஷம். உடைசலைப் பொறுக்கிப் பிரிக்க இனி இரண்டு ஆள் எதற்கு என்று கணக்குப் போட்டு, அதில் ஒருத்தியான கமலத்தை நிறுத்திவிட்டார். தேவநாதன் போய் அவளுக்கு வேறு வேலை கொடுக்கச் சொல்லிக் கேட்டார். முதலாளி காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை கமலம் கேட்டில் நின்றாள்.

"அங்க உனுக்கு சோறு இல்லன்னு இங்க வந்து எங்க சோத்துல மண்ணள்ளிப் போடுறியா?" என்று கேட்டாள். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் சைக்கிளை நிறுத்திவிட்டு, அவள் பேசி முடிக்கிற வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் கம்பெனிக்கு வந்தார். வெளிநாட்டு ஆள் ஒருவர் அனுமதியில்லாமல் இங்கே வேலை செய்வதாக மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கிறது, மறுநாள் கடலூரில் எஸ்.பி. ஆபீசில் ஆஜராக வேண்டும் என்றார். பாலகிருஷ்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இது தீரும்வரை கம்பெனிப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போது தேவநாதனுக்கு வெடித்துவிட்டது. நேராகச் சூளைக்குப் போனார். வேலை செய்துகொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும், "மூஞ்சியப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லாதவரு, பேர் போடாம எழுதுறீங்களா?" என்று விருத்தகிரியைக் கேட்டார். விருத்தகிரி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். வெளியே போய்விட்டார்.

கடலூரில் அட்டையைப் பார்த்த அதிகாரி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு எழுதியது யார் என்று தெரிகிறதா பாருங்கள் என்று பெட்டிஷனைப் படித்துக் காட்டினார். அதில் தேவநாதனின் பாஸ்போர்ட் நம்பர் இருந்தது. ஈப்போவில் குடியிருந்த வீட்டின் நம்பரும் தெருப் பெயரும் பிசகில்லாமல் இருந்தன. விருத்தகிரிக்கு அது தெரிய வழியே இல்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். விருத்தாசலம் பஸ்ஸில் வழிநெடுகக் கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் தங்கிவிட்டு வந்தவன் இந்த ஊரில் ஒருவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தமிழ்ச்செல்வன் ஏஜெண்டை நம்பி மலேசியா போனவன். சாப்பாட்டுக் கடையில் தள்ளிவிட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஓடி அக்காள் வீட்டில் இரண்டு வாரம் ஒளிந்திருந்தான். வேறு வேலை தேடிக் கிள்ளான் பக்கம் போனபோது பிடிபட்டுவிட்டான். தடுப்பு முகாமில் பதினோரு வாரம் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து தேவநாதன் விலாச விஷயத்தைச் சொன்னதும் வேல்விழி தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"நான்தான் எழுதுனேன். அட்டை இல்லன்னு அங்க என்னைய நாய மாதிரி புடிச்சிக்கிட்டுப் போனாங்க. இவரு இங்க வந்து சூப்பர்வைசரா உக்காருவாரு, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அதுக்கு இவரு என்னாடா செய்வாரு? உன்னையப் பாக்க ரெண்டு தடவ கேம்ப்புக்கு வந்தாரே. அவங்க உள்ள வுடல."

தமிழ்ச்செல்வன் இல்லை என்று தலையாட்டினான். "யாராவது பாக்க வந்தா அங்க பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. பதினோரு வாரமும் எம் பேரக் கூப்புடுறாங்களான்னு காதக் குடுத்துக்கிட்டே கெடந்தன். கேளு, அவரையே கேளு."

வேல்விழி திரும்பினாள். ராஜாம்பாளும் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். தேவநாதனுக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருந்தன. அட்டை இல்லாத ஆளை வீட்டில் வைத்திருந்தவர்களையும் பிடிக்கிறார்கள் என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் பயந்துபோனார். முகாமுக்குப் போய் வருகிறேன் என்று காலையில் கிளம்பி, சந்தையில் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பினார். இரண்டு தடவையும் அப்படித்தான்.

"நான் போகல" என்றார்.

வேல்விழி ஏன் என்று கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அட்டை விஷயம் சரியாகிவிட்டது என்று பாலகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டு, தேவநாதன் சூளைக்குப் போனார். திட்டியபோது இருந்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பெட்டிஷன் எழுதியது என் வீட்டு ஆள், உங்களைச் சொன்னது தப்பு என்றார். விருத்தகிரி முதல்முறையாக அவரிடம் வாயைத் திறந்தார்.

"எனக்கு உங்களப் புடிக்கல. அதத் தெரிஞ்சிக்கிட்டுதான் நீங்க இங்க இருக்கணும். ஆனா போலீசுக்கு எழுதிப் போட்டு ஒருத்தன் பொழப்பக் கெடுக்குறவன் நான் இல்ல." அவ்வளவுதான். கம்பியை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போனார்.

அந்த மாசமே கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோனார்கள். வேல்விழி வந்தாள், சமைத்தாள், வேண்டியதைப் பேசினாள். தம்பி வீட்டுக்குப் போனால் தனியாகத்தான் போவாள். தமிழ்ச்செல்வன் அவர்கள் வாசலை மிதிக்கவில்லை. தேவநாதன் அதே கம்பெனியில் தொடர்ந்து வேலை பார்த்தார். கமலம் மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டார். பாஞ்சாலை சொல்லிக் காட்டுவதை நிறுத்த இரண்டு வருஷம் ஆனது.

2006ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், வேல்விழி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ஈப்போல நம்ம வூட்லேர்ந்து அந்தக் கேம்ப்பு எவ்ளோ தூரம்?" என்று கேட்டாள்.

"மூணு மணி நேரம்" என்றார் தேவநாதன்.

"பஸ்ஸு இருந்திச்சா?"

"இருந்திச்சு. மணிக்கு ஒண்ணு."

அவள் கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த கொத்தை எடுத்தாள்.