ஓனர் ஊரில் இல்லை

எங்கள் அத்தான் மேடையேறிப் பொய் சொல்கிறார்.

போன மாதம் தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் நடந்தது. கையில் இருப்பதை வைத்து வீட்டுச் செலவைக் குறைப்பது எப்படி என்று அத்தான் அரை மணி நேரம் பேசினார். அவரும் இப்போது ஓய்வு பெற்றவர்தான். குற்றாலத்தில் தன் அம்மா ஒரு சிலிண்டரை வருஷம் முழுக்க ஓட்டியதைச் சொன்னார். சீசனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டு, மீதி மாதங்களை அந்தப் பணத்திலேயே கழித்ததைச் சொன்னார். சிக்கனத்தை அம்மாவிடம்தான் படித்தேன் என்று குரல் கம்மச் சொன்னார். கை தட்டினார்கள். வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. எல்லாரும் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் போடவில்லை.

அந்த அம்மா என் அத்தை, அப்பாவின் மூத்த அக்காள். அப்பா கடைசிப் பிள்ளை. அதனால் அவருக்கும் அத்தை மகனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அத்தை சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டவளுக்கு வந்த பென்ஷன் அவள் ஒருத்தி சாப்பாட்டுக்கே காணாது. மாமா முன்பே செத்துப்போயிருந்தார். அவர் விட்டுப்போனது குற்றாலத்தில் இரண்டு ரூமும் ஒரு அடுக்களையும் உள்ள ஓட்டு வீடு மட்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. நாங்கள் இலத்தூரில் இருந்தோம். சாரல் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை காலையில் அப்பா என்னை அத்தையிடம் விட்டுவிட்டு மரக்கடை வேலைக்குப் போவார். ஞாயிறு சாயந்திரம் வந்து கூட்டிப்போவார்.

சீசனில் வீடு வாடகைக்காரர்களுக்கு. நானும் அத்தையும் பின்னால், கக்கூஸை ஒட்டியிருந்த விறகுச் சாய்ப்பில். குளிப்பது அருவியில், துணி துவைப்பது வாய்க்காலில். கேஸ் அடுப்பு வருகிறவர்களுக்கு, மூன்று கல் எங்களுக்கு. அவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் ரூமுக்குள் புகுந்து தேடுவோம். பாதி சோப்பு, அடியில் எண்ணெய் தங்கிய பாட்டில், பிரிக்காத ஷாம்பு, ஒரு தடவை அரைக் கிலோ ரவை. யார் நிறைய எடுப்பது என்று போட்டி. எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். அத்தைக்கு முட்டு வலி, கட்டிலுக்கு அடியில் குனிய முடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அவளுடைய பிரஷர் மாத்திரையை ஒடிப்பதும் என் வேலை. ஒரு பாதி அன்றைக்கு. இன்னொரு பாதியைத் தாளில் மடித்து டப்பாவில் போடுவாள். சரிபாதியாக ஒடித்தால், "ஏட்டி, நீ டாக்டருக்குத்தான் படிக்கணும்" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

இதையெல்லாம் விடப் பெரிய விளையாட்டு ஒன்று இருந்தது. அத்தை அந்த வீட்டு வேலைக்காரியாக நடிப்பாள். புரோக்கர் சொல்லிக்கொடுத்த யோசனை. சொந்த வீட்டுக்காரி விறகுச் சாய்ப்பில் கிடக்கிறாள் என்று தெரிந்தால் வாடகையை அடித்துப் பேசுவார்கள். வேலைக்காரி என்றால் போகும்போது கையில் ஏதாவது கொடுப்பார்கள். ஓனர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். யாராவது பேரம் பேசினால், "ஓனர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று பின்பக்கம் முருங்கை மரத்தடிக்குப் போவாள். அவளிடம் ஒரு பழைய செல்போன் இருந்தது. அதற்குச் சார்ஜ் போடுவதே அபூர்வம். அதைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா சார், குடும்பமாத்தான் வந்திருக்காவ சார்" என்று உரக்கப் பேசுவாள். நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய், "ஓனர் ஒத்துக்கிட மாட்டேங்காவ" என்பாள். அந்த ஓனர் ஒரு தடவைகூட இறங்கி வந்ததில்லை.

அந்த வருஷம் சாரல் ஏமாற்றியது. ஆனி முழுக்க அருவியில் பாறைதான் தெரிந்தது. வீடு பூட்டியே கிடந்தது. அத்தை ஒரு வேளைக் கஞ்சியை இரண்டு வேளையாக்கினாள். மாத்திரை தீர்ந்து, டப்பாவில் மடித்து வைத்திருந்த பாதிகளை எடுக்க ஆரம்பித்தாள். ஆடியில் நான்கு நாள் மழை விடாமல் பெய்து அருவி கொட்டியது. கார்கள் வந்து குவிந்தன. இந்த மூன்று வாரத்தைப் பிடித்தால்தான் வருஷத்துக்குக் கஞ்சி என்று அத்தை புரோக்கரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் புரோக்கர் பைக்கில் முன்னால் வந்தான். பின்னால் இரண்டு கார்கள். முதல் காரில் ஒரு பெரிய அதிகாரி, அவர் சம்சாரம், பிள்ளைகள். இரண்டாவது காரிலிருந்து அத்தான் இறங்கினார். லாட்ஜ் எல்லாம் நிறைந்துபோனதால் புரோக்கர் இவர்களை ரோட்டில் மறித்துக் கூட்டி வந்திருக்கிறான். மதுரையில் அந்த அதிகாரிக்குக் கீழே வேலை பார்த்த அத்தானை அவனுக்குத் தெரியாது. அம்மா செங்கோட்டையில் வயலும் தோப்பும் வேலையாட்களுமாக இருப்பதாக அத்தான் ஆபீசில் சொல்லி வைத்திருந்தது எனக்கும் அப்போது தெரியாது.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாசல் பெருக்கிய வாரியலோடு நின்றாள். நான் அத்தானைக் கூப்பிட வாயெடுத்தேன். அத்தையின் கை என் தோளை அழுத்தியது. அதிகாரியின் சம்சாரம் இது யார் என்று கேட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளுகிற அம்மா என்று புரோக்கர் சொன்னான்.

அத்தான் அத்தையை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஆச்சி, ரூமெல்லாம் சுத்தமா இருக்கா?"

"இருக்கு சார்."

எந்தத் தெருவிலும் யாரோ ஒருத்தியை அம்மா என்று கூப்பிடலாம். யாரும் சந்தேகப்படப் போவதில்லை. புரோக்கர்கூட அப்படித்தான் சொன்னான். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு ஒரே குதூகலம். அத்தானும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார், எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அதிகாரி முன்னால் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டி, கேட்ட வாடகையில் பாதிக்குப் பேசினார். "ஓனர்கிட்ட கேட்டுப் பாருங்க ஆச்சி" என்றார்.

அத்தை முருங்கை மரத்தடிக்குப் போனாள். நான் சிரிக்கத் தயாராகப் பின்னாலேயே போனேன். அவள் போனைக் காதில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. கண்ணடிக்கவும் இல்லை. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, "ஆமா சார் சொல்லு அத்தே" என்று கிசுகிசுத்தேன். அந்தச் செத்த போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு போய்ச் சொன்னாள்.

"ஓனர் சரின்னுட்டாவ சார்."

இரண்டு நாள் இருந்தார்கள். அத்தை விறகில் வெந்நீர் போட்டு வாளி வாளியாகச் சுமந்தாள். அத்தானும் அதில்தான் குளித்தார். நான் அவருக்கு சோடா வாங்கிக் கொடுத்தேன், சார் சார் என்று சுற்றி வந்தேன். ஒரு இடத்திலும் ஆட்டத்தைக் கலைக்கவில்லை. புறப்படும்போது அதிகாரியின் சம்சாரம் அத்தை கையில் இருபது ரூபாய் கொடுத்தாள். அத்தான் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

வழக்கம் போல ரூமைத் தேட ஓடினேன். அன்றைக்கு அத்தை என்னைத் தள்ளிவிட்டு முதலில் உள்ளே போனாள். அத்தான் படுத்த கட்டிலில் தலையணையை உதறினாள். மெத்தையைத் தூக்கினாள். அலமாரித் தாளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். கடைசியில் தரையில் மண்டி போட்டு, அந்த முட்டோடு, கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மனுஷன் சோப்புத் துண்டைக்கூட எடுத்துப் போயிருந்தார்.

"இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் தோல்வி அத்தே" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

அன்று சாயந்திரம் வீட்டில் இதைப் பெரிய வேடிக்கையாக அப்பாவிடம் சொன்னேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மறுநாள் போய் அக்காளிடம் என்ன பேசினாரோ, யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு மாசி மாதம் பக்கவாதத்தில் விழுந்து போய்ச் சேர்ந்தாள். அந்த டப்பாவில் நான் ஒடித்துக் கொடுத்த பாதி மாத்திரைகள் பதினொன்று இருந்தன. ஒன்பது வயசில் நான் விளையாடியது என்ன விளையாட்டு என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்க ஆரம்பித்தது.

அப்பாவும் இப்போது இல்லை. சத்தியம் அவரோடு போயிற்று. நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை.

அடுத்த கூட்டம் செங்கோட்டையில் என்று குழுவில் போட்டிருக்கிறீர்கள் அத்தான். நான் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். சிலிண்டர் கதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் மைக்கைப் பிடித்து, கை தட்டுகிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி இதற்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த வாசலில் வாரியலோடு நின்றது யார்?